லூவீனியாவின் கையெழுத்து

சிகாகோ
ஜனவரி 16, 1962

என் முன்னவளுக்கு,

இந்த உறைக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. நம் கறுப்பினப் பெண்களின் தலைமைச் சங்கத்து முத்திரையோடு, 'மதிப்புக்குரிய சகோதரி ஆர்டீலியா ப்ரூயிட் அவர்களுக்கு' என்று ஆரம்பிக்கும். அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். படித்துவிட்டு என்னைத் திட்டாதே. அதில் நீட்டி முழக்கியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் மாநாட்டில் உங்கள் டார்ப்லி கிளையைக் கலைத்துவிடப் போகிறார்கள்.

உங்கள் சேவை அறிக்கைகளைக் குழு எடுத்து வைத்துப் பார்த்தது. ஈஸ்டர் கூடை, தையல் வகுப்பு. மறுவருடமும் ஈஸ்டர் கூடை, தையல் வகுப்பு. டாக்டர் யூலாலியை உனக்கு நினைவிருக்கும், பேசும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஆட்டுவாளே, அவள்தான் இப்போது குழுத் தலைவி. "மிசிசிப்பியே கொதிச்சிக்கிட்டிருக்கு. நம்ம பொண்ணுங்க அங்க உக்காந்து பொத்தான் தைக்கிறாங்களா? யாருக்குடி பொத்தான்? அந்த ஷெரீப் சட்டைக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பொருளாதாரம் விழுந்து கிடந்த அந்தக் கோடையில், நீயும் நானும் ஓட்டை காரில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் ஊசி போட்ட கதையைச் சொன்னேன். "அது அப்போ, வெர்னீஸ்" என்றாள்.

ஆர்டி, உண்மையில் அங்கே என்னதான் நடக்கிறது? நம்முடைய பத்திரிகையில் போட ஒரு படம் கொடு. எல்லாக் கிளைகளும் அனுப்புகின்றன. வெள்ளை உடையில் வரிசையாக நின்று, கீழே பெயர்களோடு. உன் கிளைக்கு மட்டும் நான் வெற்றுக் கட்டம் விட வேண்டியிருக்கிறது.

சங்கத்தில் சேர்ந்த அந்த வாரம் கல்லூரி மைதானத்தில் நம்மை உயரப்படி நிறுத்தினார்களே, மறந்துவிட்டாயா? நீ எனக்கு முன்னால், என் கை உன் தோளில். முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, பின்னால் நிற்பவள் கையை எடுக்கக் கூடாது. மழை வந்தது. நீ திரும்பவில்லை, நானும் எடுக்கவில்லை. இப்போதும் அந்தக் கை அங்கேதான் இருக்கிறது.

உன் பின்னவள்,
வெர்னீஸ்


டார்ப்லி, மிசிசிப்பி
பிப்ரவரி 11, 1962

என் பின்னவளுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். சிகாகோ ரயிலில் படுக்கை போடும் ஆம்ப்ரோஸ் கொண்டு வந்திருப்பார். அவருக்குச் சாப்பிட ஏதாவது கொடு. கேட்க மாட்டார், ஆனால் சாப்பிடுவார். எங்கள் ஊர்த் தபால்காரர் நம்மவர்களின் உறைகளை ஆவியில் காட்டித் திறக்கிறார். அதனால் தபாலில் வருகிற என் கடிதங்களில் நான் தையல் பற்றித்தான் எழுதுவேன். உண்மையை இதில் எழுதுகிறேன்.

தையல் வகுப்பில் தையல் கிடையாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன், நீ சிரித்தாலும் சரி. வீட்டுக்குள் போக ஒரு கதவு. கதவருகே ஒருவர் நிற்கிறார். "இந்தப் புத்தகத்துல ஒரு பக்கத்தைப் பாத்து எழுது, அர்த்தமும் எழுது, நீ எழுதுனது எனக்குத் திருப்தியா இருந்தா உள்ள விடறேன்" என்கிறார். புத்தகம் எங்கள் மாநிலத்தின் அரசியல் சட்டம். கதவு, நீதிமன்றத்தின் வாக்காளர் பதிவு அறை. திருப்திப்பட வேண்டியவர் ஒரு வெள்ளைக்கார எழுத்தர். எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் எழுதியதே அவருக்குத் திருப்தி தரவில்லை. அப்படியென்றால் பருத்திக் காட்டில் வேலை செய்பவரின் நிலைமையை யோசித்துப் பார்.

தேவாலயத்தின் அடித்தள அறையில் வாரம் இரண்டு முறை அந்தப் பக்கங்களைச் சொல்லிக்கொடுக்கிறோம். நான் ஓய்வு பெற்றுவிட்டேன், என்னிடமிருந்து பறிக்க வேலை இல்லை. ஆனால் உண்மையில் வகுப்பை நடத்துவது லூவீனியா டின்ஸ்லி. அவள் என்னிடம் படித்தவள். சங்கத்தில் அவளைச் சேர்த்தபோது மார்பில் சங்கச் சின்னம் பொறித்த ஊசியைக் குத்திவிட்டவள் நான். இன்னும் வேலையில் இருக்கிறாள், மூன்றாம் வகுப்பு. ஆசிரியர்கள் எந்தெந்தச் சங்கத்தில் இருக்கிறோம் என்று வருடா வருடம் பள்ளி நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நம் சங்கத்தின் பெயரை எழுதுகிறாள். அதைப் பெண்களின் தேநீர்ச் சங்கம் என்றுதான் நினைக்கிறார்கள். அவர்கள் அப்படியே நினைத்துக்கொண்டிருக்கட்டும். அதனால்தான் ஈஸ்டர் கூடை.

லம் ஹார்க்ரோவ் என்று ஒருவர் வருகிறார். என் வயதுதான் இருக்கும். வாழ்நாள் முழுக்கக் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டே காலம் தள்ளியவர். முதல் நாள் லூவீனியா அவர் பெயரை எழுதிக் காட்டினாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் நானா? கொஞ்சம் ஒல்லியா இருக்கேனே" என்றார். சிரிப்பில் அடித்தளமே அதிர்ந்தது.

படம் தர முடியாது, வெர்னீஸ். டாக்டர் யூலாலி எங்களைப் பொத்தான்காரிகள் என்றே சொல்லட்டும்.

உன் முன்னவள்,
ஆர்டீலியா


சிகாகோ
மார்ச் 9, 1962

என் முன்னவளுக்கு,

ஆம்ப்ரோஸ் மூன்று தட்டு காலி செய்தார். அவர் போனதும் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன், பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் இதை நான் எப்படிக் குழுவிடம் சொல்வேன்? பெயர் சொல்லாமல், ஊர் சொல்லாமல் ஒரு அளவுக்குச் சொல்லிப் பார்த்தேன். "கதை நல்லா இருக்கு. சாட்சி எங்க?" என்றாள் யூலாலி. கிளை கலைந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். உங்களில் யாராவது கண்ணை மூடினால் சகோதரிகள் வெள்ளை உடையில் பெட்டியைச் சுற்றி வட்டம் நிற்க முடியாது. சங்கத்தின் அந்தக் கடைசிச் சொற்களைச் சொல்ல முடியாது. உன் சவப்பெட்டி அருகே நானே வந்து நின்றாலும் வேற்று ஆள்தான். நீ லூவீனியாவுக்குக் குத்திய ஊசியும் திரும்பிப் போகும்.

ஒரே ஒரு படம் போதும். பத்திரிகைக்கு வேண்டாம். குழுவின் மேசையில் வைத்துக் காட்டிவிட்டு, அங்கேயே கொளுத்திவிடுகிறேன்.

உன் பின்னவள்,
வெர்னீஸ்


டார்ப்லி
ஏப்ரல் 15, 1962

என் பின்னவளுக்கு,

ஆம்ப்ரோஸ் கையில் ஒரு பிலிம் சுருள் தந்திருக்கிறேன். கழுவாத சுருள். இங்கே மருந்துக்கடையில் கொடுத்தால் அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். எனவே படம் எப்படி வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீதான் பார்க்க வேண்டும்.

நான் இன்னும் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். லூவீனியா கேட்கவில்லை. "டீச்சர், நாங்க இங்க செய்யறதுக்கு ஒரு தடயம்கூட இல்ல. எழுதினதை எழுதின கையோட அழிக்கறோம். என்னைக்காவது ஒருநாள் யாராவது கேட்டா எதைக் காட்டறது? ஒரு படமாவது இருக்கட்டும்" என்றாள். நான் அவளை வளர்த்த லட்சணம், எனக்கே பாடம் சொல்கிறாள் என்று நினைத்தேன். சம்மதித்துவிட்டேன்.

படம் எடுத்த அன்று திருவிழாதான். லம் ஹார்க்ரோவ் தன் கல்யாணத்துக் கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன லம், மறுபடி கல்யாணமா?" என்று பெண்கள் கிண்டல் செய்தார்கள்.

"பொண்ணு கெடைச்சா சொல்லு, ஹேட்டி. எழுதப் படிக்கத் தெரிஞ்ச மாப்பிள்ளை. வெலை ஏறிப்போச்சு."

லூவீனியா கரும்பலகையில் அன்றைய பகுதியை எழுதினாள். அவள் எழுத்தை நீ பார்த்ததில்லையே. நம் கல்லூரியில் சொல்லிக்கொடுத்த அதே எழுத்துதான், ஆனால் A, H போன்ற பெரிய எழுத்துகளில் வருகிற குறுக்குக் கோட்டை அவள் நேராகப் போட மாட்டாள். காற்றில் கொடி பறப்பதுபோல வளைத்து விடுவாள். நான் பள்ளியில் எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தேன். "அது நேரா நின்னா தூங்கற மாதிரி இருக்கு டீச்சர்" என்பாள். விட்டுவிட்டேன். வகுப்பில் எல்லோரும் இப்போது அப்படியே கொடி பறக்க விடுகிறார்கள்.

குழுவுக்குக் காட்டு. பிறகு படத்தையும் சுருளையும் கொளுத்திவிடு. எழுதி அனுப்பு, கொளுத்தியாகிவிட்டது என்று.

உன் முன்னவள்,
ஆர்டீலியா


சிகாகோ
ஜூன் 8, 1962

என் முன்னவளுக்கு,

உன் கிளை பிழைத்தது! படத்தை மேசைமேல் வைத்ததும் யூலாலி கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். "நான் பொத்தானைப் பத்தி எதுவும் சொன்னதா எழுதிடாதே" என்றாள். அதற்கு மேல் அவளிடம் மன்னிப்பு எதிர்பார்க்காதே. இந்த வருடத்தின் சேவைக் கோப்பைக்கும் உங்கள் கிளையைத்தான் சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

இப்போது நீ கோபப்படக் கூடாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கொளுத்தவில்லை. கொளுத்த முடியவில்லை, ஆர்டி. நீ பார்த்திருந்தால் உனக்கும் கை வந்திருக்காது. நாடு முழுக்க நம் பெண்கள் வழிதேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்த்தால் வேறு ஐம்பது ஊர்களில் ஐம்பது அடித்தளங்களில் வகுப்பு தொடங்கும். அதனால் நம் பத்திரிகையில் போட்டிருக்கிறேன். பயப்படாதே, ஊர் இல்லை, பெயர் இல்லை. கத்தரிக்கோலை நானே எடுத்து முகங்களை வெட்டிவிட்டேன். மேசைமேல் இருக்கும் கைகளும், சுண்ணாம்புத் தூசியும், பின்னால் கரும்பலகையும் மட்டும்தான் தெரிகிறது. 'நம் சகோதரிகள், எங்கோ ஓரிடத்தில்' என்று கீழே போட்டிருக்கிறேன். கடவுளைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு பிரதி ஆம்ப்ரோஸ் கொண்டு வருகிறார். லூவீனியாவுக்குக் காட்டு. அவள் கேட்டது இதைத்தானே?

உன் பின்னவள்,
வெர்னீஸ்


டார்ப்லி
ஜூலை 12, 1962

வெர்னீஸ்,

கைகளையும் சுண்ணாம்புத் தூசியையும் விட்டாய். கரும்பலகையையும் விட்டாய். அதில் அவள் எழுத்து இருந்தது. நான் அதைப் பற்றி உனக்கு ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தேன்.

பள்ளி மேற்பார்வையாளர் மிஸ்டர் ஸ்டாக்கெட், வாரா வாரம் தன் ஆசிரியர்களின் பாடக் குறிப்புகளில் கையொப்பம் போடுகிறவர். லூவீனியாவின் குறிப்புகள்மேல் அவர் கண் பட்ட வருடங்கள் எத்தனை என்று எண்ண எனக்கு மனமில்லை. முகத்தை வெட்டினால் போதும் என்று உனக்கு யார் சொன்னது? ஆசிரியருக்கு எது முகம்?

பத்திரிகை அவர் கைக்கு எப்படிப் போனது என்று கேட்பாய். ஒற்றரும் இல்லை, துரோகியும் இல்லை. கறுப்பர் பள்ளி நூலகம் ஒவ்வொன்றுக்கும் நம் பத்திரிகை இலவசமாகப் போக வேண்டும் என்று மாநாட்டில் எழுந்து நின்று வாதாடியவள் நீ. கைதட்டியவள் நான். பருத்தி எடுக்கும் மாதங்களில் மூடுகிற எங்கள் பள்ளி இப்போது கோடையில் நடக்கிறது. போன வாரம் பார்வையிட வந்தவர், நூலகத்து மேசையில் உட்கார்ந்து காபி குடித்தார். கையெட்டும் தூரத்தில் அது கிடந்தது.

லூவீனியாவைக் கூப்பிட்டார். அவள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"லூவீனியா, இது அழகான எழுத்து."

"நன்றி சார்."

"யாருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எனக்கும் தெரியும். இனிமே உனக்குச் சுண்ணாம்புக்கட்டி தேவைப்படாது."

அதோடு வேலை போனது. அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "என் எழுத்தை நான் எப்படி டீச்சர் இல்லைன்னு சொல்றது?" என்றாள். அன்று மாலையே கிளைச் சகோதரிகள் ஒவ்வொருவராக என் பின்வாசலுக்கு வந்தார்கள். அழுதார்கள். ஊசிகளைக் கைக்குட்டையில் முடிந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை.

எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே.

ஆர்டீலியா ப்ரூயிட்


சிகாகோ
ஜூலை 24, 1962

ஆர்டி,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

கரும்பலகையையும் வெட்டத்தான் கத்தரியை வைத்தேன். வெட்டினால் படத்தில் வெறும் கைகள்தான் மிஞ்சும், என்ன செய்கிறார்கள் என்றே தெரியாது என்று தோன்றியது. அதுதவிர, அந்த எழுத்து அழகாக இருந்தது. அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

லூவீனியாவை இங்கே அனுப்பிவிடு. இந்த வாரமே அனுப்பு. என் வீட்டு மாடி அறை காலி. இங்கே தெற்குப் பகுதிப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை நம் சங்கச் சகோதரி. பேசிவிட்டேன், செப்டம்பரில் சேர்த்துக்கொள்கிறாள். டிக்கெட்டை ஆம்ப்ரோஸிடம் கொடுத்திருக்கிறேன். அப்பாவை விட்டு வரமாட்டாள் என்றால் அவருக்கும் சேர்த்து.

என்மேல் கோபமாக இரு. சாகும்வரை கோபமாக இரு. அவளை மட்டும் ரயில் ஏற்றிவிடு.

வெர்னீஸ்


டார்ப்லி
ஆகஸ்ட் 19, 1962

வெர்னீஸ்,

டிக்கெட்டுகள் இத்துடன் திரும்பி வருகின்றன.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். போகச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவள் தன் அப்பாவைப் பார்த்தாள். மரஅறுவை ஆலையில் காது போனவர்; அவருக்குத் தெரிந்தது வீடும் கோழிகளும் முன்வாசலும்தான். "இவரு சிகாகோல கார் சத்தம்கூடக் கேக்காம ரோட்டைத் தாண்டுவாரு டீச்சர்" என்று சிரித்தாள். பிறகு, "லம் அடுத்த மாசம் நீதிமன்றத்துக்குப் போறாரு. அவரு எழுதி முடிக்கட்டும், அப்புறம் யோசிக்கலாம்" என்றாள். வகுப்பைத் தன் வீட்டுக்கு மாற்றிக்கொண்டாள். அவளிடமிருந்து இனி எடுக்க எதுவும் இல்லை என்று நினைத்தோம். அவளும் நானும் இரண்டு பேருமே அப்படித்தான் நினைத்தோம்.

போன ஞாயிறு சாயங்காலம், இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கார் மெதுவாகப் போனது. ஜன்னல் வழியாகச் சுட்டார்கள்.

முன்வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை. கார் போனதைப் பார்த்திருக்கிறார், கையைக்கூட ஆட்டியிருக்கிறார். காபி கேட்க உள்ளே போனபோதுதான் பார்த்தார்.

'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று ஷெரீப்பின் ஆட்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

அடக்கத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தலைமைச் சங்கத்துக்கு இது தெரிய வேண்டும். நான் வெள்ளை உடை உடுத்திப் போனேன். வேறு யாரும் வெள்ளையில் வரவில்லை. சகோதரிகள் வந்தார்கள், கடைசி வரிசைகளில் கறுப்பு உடையில் தலைகுனிந்து இருந்தார்கள். வட்டம் நிற்க வேண்டிய நேரம் வந்தது. நான் எழுந்து பெட்டி அருகே போய் நின்றேன். என் இரண்டு கைகளும் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தி எப்படி வட்டமாக நிற்பது, வெர்னீஸ்? இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு அதற்கு விடை தெரியவில்லை.

பிறகு பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. லம் ஹார்க்ரோவ் அதே கழுத்துப்பட்டையோடு வந்து என் இடது கையைப் பிடித்தார். "டீச்சரம்மா, எனக்கு இதுல மொறை என்னன்னு தெரியாது. சொல்லுங்க, செய்யறேன்" என்றார். ஹேட்டி வலது கையைப் பிடித்தாள். லூவீனியாவின் அப்பா வந்தார். அடித்தளத்துக்கு வந்துகொண்டிருந்த எல்லோரும் ஒவ்வொருவராக வந்தார்கள். பருத்திச் செடி கீறிய கைகள். வட்டம் மூடியது.

உறுப்பினர் அல்லாதவர் காதில் விழக்கூடாத அந்தக் கடைசிச் சொற்களை நான் உரக்கச் சொன்னேன். அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விதியை மீறிவிட்டேன் என்று தெரியும். டாக்டர் யூலாலி என்னை நீக்க வேண்டியதில்லை. என் ஊசியை இதோடு வைத்திருக்கிறேன்.

நீ கேட்டாய், உன் கை இன்னும் என் தோளில்தான் இருக்கிறதா என்று. இல்லை, நீ கேட்கவில்லை. இருக்கிறது என்று நீயே சொல்லிக்கொண்டாய். மழையில்கூட எடுக்காத கையை, படம் அழகாக இருக்கிறது என்று எடுத்துவிட்டாய்.

ஆர்டீலியா ப்ரூயிட்


சிகாகோ
செப்டம்பர் 3, 1962

ஆர்டீலியா,

மாநாடு முடிந்தது. கோப்பையை உங்களுக்குத்தான் கொடுத்தார்கள்.

உன் கடிதம் நான் கிளம்பும் நாளில் வந்தது. கைப்பையில் வைத்திருந்தேன். மேடையில் பெயர் சொன்னார்கள்: 'எங்கோ ஓரிடத்தில் இருக்கும் நம் சகோதரிகள்.' நான் எழுதிய வாசகம். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. வாங்கிக்கொள்ள உங்கள் ஊரிலிருந்து யாரும் இல்லாததால் என்னை அழைத்தார்கள். போனேன். வெள்ளிக் கோப்பை, கனமாக இருந்தது. கைதட்டல் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. அதனால் கைதட்டலோடேயே உன் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

முன்வரிசை முதலில் நிறுத்தியது. பிறகு நடுவில். கடைசி வரிசைக்குப் போய்ச் சேர நேரம் எடுத்தது; 'காபி கேட்க உள்ளே போனபோது' என்று நான் படிக்கும்போதும் பின்னால் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தில் நின்றவர்களின் பெயர்களை மட்டும் விட்டுவிட்டு முழுவதும் படித்தேன். என் பெயர் வரும் இடத்தையும் விடவில்லை. முடித்ததும் பத்திரிகைப் பொறுப்பிலிருந்து அங்கேயே விலகினேன்.

யூலாலி என்னிடம் வந்தாள். விதிமீறல் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "அந்த வட்டத்துல நின்னவங்க பேரெல்லாம் எனக்கு வேணாம். யார் கேட்டாலும் நீயும் சொல்லாதே" என்றாள். நான் மேசையில் வைத்திருந்த உன் ஊசியை எடுத்து என் கையில் வைத்து விரல்களை மூடினாள். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். குத்திக்கொள்வதும் தூக்கி எறிவதும் உன் இஷ்டம்.

கோப்பை என் சமையலறையில் துணி மூடி இருக்கிறது.

இனி என்னிடம் அறையும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது, எழுத்தும் தெரியும். நான் அங்கே வந்து வகுப்பு எடுக்கலாமா? மன்னிப்புக்காகக் கேட்கவில்லை. மன்னிக்கும்படி உன்னிடம் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆள் தேவைப்படுமே என்றுதான் கேட்கிறேன்.

வெர்னீஸ்


டார்ப்லி
அக்டோபர் 21, 1962

வெர்னீஸ்,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனது. கோபத்தால் மட்டும் அல்ல. சொல்வதற்கு ஏதாவது நடக்கட்டும் என்று இருந்தேன். நடந்தது.

லூவீனியா போனபின் நான்தான் வகுப்பை எடுக்கிறேன். ஒவ்வொரு வாரமும் வெவ்வேறு வீட்டில். கரும்பலகை வைத்துக்கொள்வதில்லை, ரொட்டி தட்டும் பலகையில் மாவைப் பரப்பி, விரலால் எழுதிவிட்டுத் தட்டிவிடுகிறோம். முதல் நாளே அவர்களிடம் சொன்னேன்: "அந்தக் கொடியை விடுங்க. கோடெல்லாம் நேரா போடுங்க, அச்சுப் புத்தகத்துல இருக்கற மாதிரி. யார் சொல்லிக்கொடுத்தான்னு பாத்தா தெரியக்கூடாது." மிரட்டினேன், கெஞ்சினேன், உதாரணங்களும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

லம் ஹார்க்ரோவ் நீதிமன்றத்துக்குப் போனார். நான் வெளியே மரத்தடியில் நின்றேன். உள்ளே நடந்ததை அவர் சொன்னார். விண்ணப்பத்தில் பெயர் எழுதினார். எழுத்தர் அதை எடுத்துப் பார்த்தாராம். நிறைய நேரம் பார்த்தாராம்.

"இப்படி எழுத உனக்கு யார் சொல்லிக்குடுத்தது?"

"அவங்க செத்துப்போயிட்டாங்க சார்."

எழுத்தர் சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தார். லம் பார்த்து எழுதினார், அர்த்தமும் எழுதினார். தேறவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அது எதிர்பார்த்ததுதான். விண்ணப்பித்தவர் பெயரைச் செய்தித்தாளில் போடுவார்கள், அதுவும் எதிர்பார்த்ததுதான். அவர் குடியிருக்கும் தோட்டத்துக்காரர் மறுநாளே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். இப்போது லூவீனியாவின் அப்பாவோடு இருக்கிறார். ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் வாய் ஓயாது. ஒத்துப்போகிறது.

அவரைத் திட்டினேன். "கோட்டை நேரா போடுங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே லம்?"

"முயற்சி பண்ணேன் டீச்சரம்மா. ஆனா நேரா போட்டா அது என் பேரு மாதிரி இல்ல. எனக்குத் தெரிஞ்ச லம் ஹார்க்ரோவ் இவரு ஒருத்தருதான்."

ஹேட்டி அடுத்த வாரம் போனாள். அதன்பின் மற்றவர்கள், ஒவ்வொருவராக. யாரும் தேறவில்லை. ஆனால் அந்த அறையில், அந்த எழுத்தரின் இழுப்பறையில், ஒன்றின்மேல் ஒன்றாக விண்ணப்பங்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றிலும் அந்தக் கொடி. கை மட்டும் வேறு வேறு. அவர் தினமும் அந்த இழுப்பறையைத் திறந்துதான் ஆக வேண்டும். இது வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். அவள் புதைந்த இடத்தில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை. ஒரு தடயமாவது இருக்கட்டும் என்று கேட்டாள். இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

வரலாமா என்று கேட்டாய். உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. சில காலைகளில் ஆம் என்று தோன்றுகிறது, அவளுடைய அப்பா முன்வாசலில் உட்கார்ந்து போகிற ஒவ்வொரு காருக்கும் முகம் திருப்பிப் பார்ப்பதைக் கண்டால் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் ஆள் வேண்டும். என் குரல் கம்மிவிட்டது, மாவு பரப்பிய பலகை கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது.

வந்தால் வெள்ளை உடை கொண்டுவராதே. கோப்பையைக் கொண்டுவா, மாவு வைத்துக்கொள்ள ஒரு ஏனம் வேண்டும். ரயில் நிலையத்துக்கு நான் வருவேன். ஒன்றும் பேசாமல் என் பின்னால் நடந்து வா.

நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

உன் முன்னவள்,
ஆர்டீலியா